அடுப்படியில் கற்ற ஆங்கிலம்

இளங்கலை முதலாண்டில் ஒரு நாள் பிற்பகல். ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உரைநடைப் பாடத்தில் ‘சிம்மர்’ என்றொரு சொல் வந்தது. பேராசிரியர் என்னை எழுப்பி அதன் பொருளைக் கேட்டார். ‘கொதித்தல்’ என்றேன். “அப்படியானால் ‘பாயில்’ என்பதற்கு?” என்றார். அதற்கும் ‘கொதித்தல்’ என்றே சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “உங்கள் வீட்டில் ரசம் தளதளவென்று கொதித்துவிட்டால் அம்மா என்ன சொல்வார்கள்?” என்று கேட்டார். “திட்டுவார்கள் ஐயா. நுரை கூடும்போதே இறக்கியிருக்க வேண்டும் என்பார்கள்” என்றேன். “பிறகென்ன? இரண்டும் வேறு வேறு என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. பெயர்தான் தெரியவில்லை. உட்கார்” என்றார்.

உட்கார்ந்தேனே தவிர, அந்தச் சொல் என்னை விடவில்லை. அன்றிரவு விடுதியில், அறைத்தோழரின் கைப்பேசியில் யாரோ ஓர் ஆங்கிலேயப் பெண்மணி கோழிச்சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார். நீர் பொங்கிக் குமிழிகள் துள்ளியபோது ‘பாயில்’ என்றார். பிறகு தீயைத் தணித்தார். துள்ளல் அடங்கியது, ஓரங்களில் மட்டும் ஒன்றிரண்டு குமிழிகள் சோம்பலாக எழுந்து உடைந்தன. ‘சிம்மர்’ என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லை நான் மனப்பாடம் செய்யவில்லை. இன்றுவரை மறக்கவும் இல்லை. கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது, ‘சிம்மர்’ என்பது ஏறத்தாழ 85 முதல் 95 பாகைக்குள் நிற்கும் நிலை என்பதெல்லாம் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவை.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று இக்கல்லூரிக்கு வந்த நம்மில் பலர்க்கு ஆங்கிலச் சொற்கள் எதிரியின் படைவீரர்களைப் போலவே தோன்றுகின்றன. நானும் அவர்களில் ஒருவன். சமையல் காட்சிகளையும் பயணக் காட்சிகளையும் பார்த்து அப்படையோடு எவ்வாறு சமாதானம் செய்துகொண்டேன் என்பதை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் குறை கண்டால் திருத்தியருள்க.

முன்பு நான் கையாண்ட முறை வேறு. நாளொன்றுக்கு 20 சொற்கள் என்று கணக்கு வைத்து, அகராதியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். மூன்று மாதத்தில் 1,800 சொற்கள் சேர்ந்தன. அகராதியின் தொடக்கத்திலேயே கண்ணில் பட்ட ‘அபாண்டன்’ என்ற சொல்லுக்குப் பொருள் ‘கைவிடு’ என்றிருந்தது. நிமித்தம் சரியில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தேர்வறையில் அந்த 1,800-இல் எத்தனை துணைக்கு வந்தன என்பதைச் சொல்லாமல் விடுவதே என் மானத்துக்கு நல்லது. அந்தப் பருவத்தில் எனக்கு ஆங்கிலத்தாள் நிலுவையில் நின்றது.

செருமானிய அறிஞர் எபிங்கௌஸ் 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூலில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து காட்டினார். ஒரு நாள் கழிவதற்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அவர் வேண்டுமென்றே பொருளற்ற அசைகளைத் தேர்ந்தெடுத்தார். நானோ பொருளுள்ள சொற்களைப் பொருளற்ற அசைகளாக்கிப் படித்திருக்கிறேன்! கனடா நாட்டு உளவியலறிஞர் ஆலன் பைவியோ 1971-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், சொல்லாக மட்டும் மனத்தில் பதிவதைவிடச் சொல்லாகவும் படமாகவும் இருவழியில் பதிவது எளிதில் நினைவுக்கு வரும் என்று விளக்கினார். ஓரத்தில் உடைந்த அந்த ஒன்றிரண்டு குமிழிகள் எனக்குச் செய்த உதவி அதுதான்.

சமையலில் என்ன அப்படிச் சொல்வளம் இருக்கிறது என்று கேட்பவர்கள் முதலில் நம் வீட்டு அடுப்படியை நினைத்துப் பார்க்க வேண்டும். அவித்தல், வேகவைத்தல், வதக்கல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல், வாட்டுதல், சுடுதல், கிண்டுதல், கிளறுதல், கடைதல், மசித்தல் என்று நம் தாய்மார்கள் நாள்தோறும் ஆளும் வினைச்சொற்களுக்குக் கணக்குண்டா? வதக்கு என்று சொன்னால் வறுத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு வசவு நிச்சயம். இத்தனை நுட்பமும் நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘குக்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறோம்.

ஆங்கிலத்திலும் இந்த நுட்பங்கள் உண்டு. வேறு இடங்களில் வேலி போட்டிருக்கிறார்கள். முட்டையை உடைத்துக் கொதிக்காத வெந்நீரில் மெல்ல இறக்கி வேகவைப்பது ‘போச்’. பை அல்லது சிறு பொதி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. வெள்ளைக்கரு ஒரு பைபோல மஞ்சட்கருவைச் சுற்றி மூடிக்கொள்வதைக் கண்ணால் கண்டபின் அந்தப் பெயர்க் காரணம் தானே விளங்குகிறது. காயைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்துக் குளிர்நீரில் இடுவது ‘பிளாஞ்ச்’. ‘வெண்மை’ என்பது அதன் வேர். பாதாம் பருப்பை அவ்வாறு செய்தால் தோல் கழன்று வெள்ளையாகிறதன்றோ? ‘சோட்டே’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘துள்ளியது’ என்று பொருள். சட்டியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் வெங்காயம் மேலே துள்ளி விழுகிறது. அகராதியில் இச்சொல்லை மூன்றுமுறை படித்தும் மறந்த நான், வெங்காயத்தின் ஒரே துள்ளலில் கற்றுக்கொண்டேன்.

வெட்டுவதிலும் அப்படித்தான். நாம் அரிகிறோம், நறுக்குகிறோம், கீறுகிறோம், துருவுகிறோம். அவர்களிடம் வில்லை வில்லையாக அரிந்தால் ‘ஸ்லைஸ்’, சிறு கட்டங்களாக நறுக்கினால் ‘டைஸ்’, பொடிப்பொடியாக அரிந்தால் ‘மின்ஸ்’, துருவினால் ‘கிரேட்’. ‘டைஸ்’ என்பது நாம் ஆடும் பகடைக்காய்க்கும் பெயர். உருளைக்கிழங்கு பகடை பகடையாக வந்து விழுவதைப் பார்த்தவர் இரண்டு பொருளையும் ஒன்றாகவே கற்றுக்கொள்வார். மாவு பிசைவதற்கு ‘நீட்’ என்கிறார்கள். நண்பர்கள் நுழைவுத் தேர்வை நினைத்துக் கலங்க வேண்டா. இச்சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காத எழுத்தொன்று நிற்கிறது. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லிலும் அதே எழுத்து அதே போல வாய்பேசாமல் நிற்கிறது.

எனக்கு மிகவும் வியப்பளித்தவை இரண்டு சொற்கள். ஒன்று ‘டெம்பர்’. நம் நாட்டவர் ஆங்கிலத்தில் சமையற்குறிப்பு சொல்லும்போது தாளித்தலை ‘டெம்பரிங்’ என்கிறார்கள். கடுகு வெடிப்பதுதான் ‘டெம்பரிங்’ என்று நான் உறுதியாக நம்பியிருந்த வேளையில், சாக்லெட் செய்யும் ஒரு காட்சியில் அதே சொல் வந்தது. அங்கே கடுகும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. உருக்கிய சாக்லெட்டைக் குறிப்பிட்ட சூட்டுக்கு ஆறவைத்து மீண்டும் இளஞ்சூடாக்கி, பளபளப்பாக இறுகும் பதத்துக்குக் கொண்டுவருவதற்கு அந்தப் பெயர். எஃகைக் காய்ச்சிப் பதப்படுத்துவதற்கும் அதே சொல் என்று பிறகு அறிந்தேன். அளவாகக் கலத்தல், பதப்படுத்தல் என்பதே இலத்தீன் மூலப்பொருள். மனிதரின் சினத்துக்கும் அச்சொல் எப்படி வந்தது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. மனத்தின் பதத்தைக் குறித்த சொல், பதம் தவறிய நிலைக்கும் ஆகிவிட்டது.

மற்றது ‘சீசன்’. பருவகாலம் என்று மட்டும் அறிந்திருந்தேன். உப்பும் மிளகும் இட்டுச் சுவை கூட்டுவதும் ‘சீசன்’. புதிய இரும்புச் சட்டிக்கு எண்ணெய் தடவிச் சூடேற்றி அதை ஒட்டாத சட்டியாக்குவதும் ‘சீசன்’. அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சொன்னேன்: “அட, கல்லைப் பழக்குகிறார்கள்!” புதுத் தோசைக்கல்லை வாங்கியதும் எண்ணெயும் வெங்காயமும் தேய்த்து நாள்கணக்கில் பழக்குவது நம் வீடுகளில் வழக்கம். பழகிய கல்லுக்கும், பழுத்த அரசியல்வாதிக்கும், உலர்த்திப் பதப்பட்ட மரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே அடைமொழி. இதனை எந்த வினா-விடை நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சில சொற்கள் நம் வீட்டிலிருந்தே கடல்கடந்து போனவை. ‘மல்லிகட்டானி’ என்று ஒரு சூப்பை ஒருவர் பெருமையோடு காய்ச்சிக் காட்டினார். பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே அது நம் மிளகுத்தண்ணீர் என்று தெரிந்தது. ஆனால் அதில் அவர் இட்டவற்றைக் கண்டால் நம் பாட்டிமார் அதை மிளகுத்தண்ணீர் என்று ஏற்கமாட்டார்கள். கறி ‘கரி’யானதும், கஞ்சி ‘காஞ்சி’யானதும், கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதும், சுருட்டு ‘செரூட்’ ஆனதும் பலரும் அறிந்தவை. யூல், பர்னெல் என்னும் இருவர் 1886-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதியில் இத்தகைய சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்த வீட்டுப் பிள்ளை, கடன்காரனைக் கண்டு ஏன் ஒளிய வேண்டும் என்று அன்று ஒரு துணிவு பிறந்தது உண்மை.

ஆனால் எல்லாக் காட்சியும் நமக்கு உதவுவதில்லை. ஒருவர் ஒரு தட்டின் முன்னால் அமர்கிறார், ஒரு வாய் உண்கிறார், கண்ணை மூடுகிறார், ‘அமேசிங்’ என்கிறார். அடுத்த வாய்க்கும் அதே சொல். அடுத்த கடையிலும் அதே சொல். ஒருமுறை அதை விரல்விட்டு எண்ணத் தொடங்கிக் கைவிரல்கள் போதாமல் கால்விரல்களுக்குப் போய்விட்டேன். இத்தகையவர்களிடம் ஆங்கிலம் கற்றால், நமக்கும் ஒரு சொல்தான் மிஞ்சும். உண்பவர் வாயைப் பார்ப்பதைவிடச் சமைப்பவர் கையைப் பார்ப்பதே நமக்கு ஆதாயம். கை ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு பெயரைக் கேட்கிறது.

அந்த வகையில் பழைய காட்சிகளே மேல் என்பது என் கருத்து. அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்னும் அம்மையார் 1963-ஆம் ஆண்டு முதல் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து பிரெஞ்சுச் சமையலைக் கற்பித்தார். கையில் எடுத்த ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லிக் காட்டுவார். தவறு நேர்ந்தால் மறைக்கமாட்டார். இலண்டன் பி.பி.சி.யில் 1982-ஆம் ஆண்டில் மதுர் ஜாஃப்ரி நம் நாட்டுச் சமையலை ஆங்கிலேயருக்குக் கற்பித்தார். அவர்களுக்குப் பெருங்காயமும் வெந்தயமும் புதிய பொருள்கள்; பெயரும் புதிது. நமக்கோ பொருள் பிறந்தது முதல் தெரியும்; பெயர் மட்டுமே புதிது. பாதி வேலை முடிந்த நிலையில் அக்காட்சியைப் பார்க்க அமர்கிறோம்.

சுவையையும் பதத்தையும் குறிக்கும் நல்ல அடைமொழிகள் வேண்டுமென்றால் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். 2010-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் நடந்துவரும் ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்ற நிகழ்ச்சியில் நடுவர்கள் வெறுமனே நன்று என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. காரணம் சொல்லியாக வேண்டும். மொறுமொறுப்பு ‘கிரிஸ்ப்’. சவ்வுபோல் இழுத்தால் ‘சூவி’. உப்புச் சப்பற்றது ‘பிளாண்ட்’. அடிப்பக்கம் வேகாமல் சொதசொதவென்று இருந்தால் ‘சாகி’. எண்ணெய்ப் பண்டம் நாள்பட்டுக் காறிப்போனால் ‘ரான்சிட்’. நம் அறுசுவையில் துவர்ப்புக்கு அவர்கள் ‘அஸ்ட்ரின்ஜென்ட்’ என்று ஒரு நீண்ட சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. காரத்துக்கும் சூட்டுக்கும் ‘ஹாட்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் இடர்ப்படுவதைப் பார்க்கும்போது, சற்றே மனநிறைவு ஏற்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பயணக் காட்சிகளுக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய தொடர் ஒன்றில், மைக்கேல் பேலின் என்பவர் ஜூல்ஸ் வெர்னின் கதையைப் பின்பற்றி, வானூர்தி ஏறாமல் 80 நாள்களில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். துபாயிலிருந்து பம்பாய்க்குப் பாய்மரத் தோணியில் வந்தார். பம்பாயிலிருந்து நம் சென்னைக்கு இரயிலில் வந்தார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். தோணிப் பயணம் மெதுவாகச் செல்வது. மாலுமிகளோடு பேசிக்கொண்டு நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கிறார். தளம், பாய்மரம், நங்கூரம், சரக்கறை எல்லாம் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு வருகின்றன. அவற்றின் பெயர்கள் காதுக்கு வருகின்றன. கப்பலின் சமையலறைக்கு ‘காலி’ என்று பெயர்; நம் காலித்தனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பயணச் சொற்களில் என் மனத்தைக் கவர்ந்தது ‘ஃபேர்’. பேருந்தில் நடத்துநர் கேட்கும் கட்டணம் அது. பழைய ஆங்கிலத்தில் ‘போதல்’ என்பதே அதன் பொருள். ‘ஃபேர்வெல்’ என்றால் நலமே போய்வருக என்பது. ஆண்டுதோறும் பிரிவுபசார விழாவில் அச்சொல்லைத் துணியில் எழுதிக் கட்டுகிறோம், பொருளை யாரும் கேட்பதில்லை. உணவு விடுதியில் பரிமாறும் உணவுக்கும் ‘ஃபேர்’ என்ற பெயருண்டு. பயணமும் சோறும் ஒரே சொல்லில்! கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன நம் முன்னோர்க்கு இது வியப்பாக இருந்திராது. தோழனைக் குறிக்கும் ‘கம்பேனியன்’ என்ற சொல்லும் இலத்தீனில் ரொட்டியைப் பகிர்ந்துண்பவன் என்ற பொருளில் அமைந்ததே.

இடறி விழச்செய்யும் சொற்களும் உண்டு. நாம் ‘ஓட்டல்’ என்றால் சாப்பாட்டுக் கடை. பயணக் காட்சியில் ‘ஹோட்டல்’ என்றால் தங்கும் இடம். நாம் கத்தரிக்காய்க்கு வழங்கும் ‘பிரிஞ்சால்’ போர்ச்சுக்கீசியர் வழி வந்தது; அதை இங்கிலாந்தில் ‘ஓபர்ஜீன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘எக்பிளாண்ட்’ என்பார்கள். கொத்தமல்லித் தழை ஒருவர்க்குக் ‘காரியாண்டர்’, மற்றவர்க்குச் ‘சிலாண்ட்ரோ’. வறுவல் சிப்ஸ் இங்கிலாந்தில் ‘கிரிஸ்ப்ஸ்’; அங்கே ‘சிப்ஸ்’ கேட்டால் சூடான நீள உருளைக்கிழங்குப் பொரியல் வரும்.

பலுக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையற்குறிப்பைக் குறிக்கும் சொல்லை நான் பல காலம் ‘ரெசைப்’ என்றே படித்துவந்தேன். அது ‘ரெசிப்பி’ என்று காதால் கேட்டபோது, எத்தனை பேர் முன்னிலையில் தவறாகச் சொன்னோம் என்று நினைத்து வியர்த்தது. ‘எடுத்துக்கொள்’ என்னும் இலத்தீன் ஏவல் அது. மருத்துவர் மருந்துச்சீட்டின் தலைப்பில் இடும் குறியும் அதன் சுருக்கமே. ‘சால்மன்’ என்று நாம் படிக்கும் மீன் ‘சாமன்’. ‘பஃபெட்’ என்பது ‘பஃபே’. எழுத்தைப் பார்த்து மட்டும் ஆங்கிலம் கற்றவனுக்கு இந்த ஏமாற்றங்கள் வந்தே தீரும்.

நான் கடைப்பிடிக்கும் முறையைக் கேட்கும் நண்பர்கள் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேற்படாத காட்சி ஒன்றைத் தேர்ந்துகொள்வேன். முதல்முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, நடப்பதையெல்லாம் தமிழில் வினைச்சொற்களாக எழுதுவேன்: எண்ணெய் காய்கிறது, வெங்காயம் வதங்குகிறது, குழம்பு சுண்டுகிறது. இரண்டாம் முறை ஒலியோடும் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தோடும் பார்ப்பேன். தமிழ் எழுத்து ஓடினால் கண் அங்கேயே நின்றுவிடும்; ஆகவே ஆங்கில எழுத்துத்தான். இயந்திரம் தானாக எழுதும் வரிகளை அப்படியே நம்பக்கூடாது. நம்மூர்ப் பண்டங்களின் பெயர்களை அது படுத்தும் பாடு சொல்லி முடியாது. மூன்றாம் முறை எழுத்தில்லாமல் காதால் மட்டும். நோட்டில் தனிச்சொல்லை எழுதுவதை விட்டுவிட்டேன். எதை எதனோடு சேர்த்துச் சொன்னார்களோ அந்த முழுத்தொடரையே எழுதுகிறேன். இப்படி ஒரு காட்சிக்கு ஏழெட்டுச் சொற்கள் கிடைத்தால் போதும்.

இதனால் ஆங்கிலம் முழுவதும் வந்துவிடுமா? வராது. வங்காளத்தில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-ஆம் ஆண்டில் தொகுத்த பட்டியலில் அடிப்படைச் சொற்களே ஏறத்தாழ 2,000. நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியின்றி ஆங்கில நூலைப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவை. அடுப்படி நமக்குச் சில நூறு சொற்களையே தரும். எஞ்சியவற்றுக்கு நூலகந்தான் கதி. ஆயினும் அந்தச் சில நூறு சும்மா இருப்பதில்லை. ‘ரெட்யூஸ்’ என்றால் குறைத்தல் என்று மட்டும் தெரிந்த எனக்கு, குழம்பைச் சுண்டவைப்பதும் அதுவே என்று தெரிந்தது. பிறகு பொருளியல் நூலில் ‘இச்சிக்கல் இதற்குள் பாயில் டௌன் ஆகிறது’ என்னும்படியான ஒரு தொடர் வந்தபோது, சுண்டிச் சுண்டி அடியில் நிற்கும் சாரம் கண்முன் தெரிந்தது. செய்தித்தாளில் மக்களின் அதிருப்தி ‘சிம்மர்’ ஆகிறது என்று படித்தபோது, அது இன்னும் பொங்கவில்லை, ஆனால் தீ அணையவும் இல்லை என்பது விளங்கியது. நிலுவைத் தாளை அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். முழுப் பெருமையும் குழம்புக்கே என்று சொல்லமாட்டேன். பேராசிரியரின் வினாத்தாள் திருத்தங்களுக்கும் பங்குண்டு.

விடுதிச் சமையற்கூடத்துக்கு மாலையில் போய் நின்று, நடப்பதை ஆங்கிலத்தில் முணுமுணுப்பது என் வழக்கமாயிற்று. ஒருநாள் எங்கள் சமையல் மாஸ்டர் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, சாம்பாருக்கு மந்திரம் போடுறியா?”

சொன்னேன்.

“சரி, இப்ப இது என்ன பண்ணுது? சொல்லு.”

“சிம்மர் ஆகுதுண்ணே.”

“இதுக்கெல்லாம்கூடப் பேர் வச்சிருக்கானா?” என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டை வாங்கிப் புரட்டினார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். இருபது ஆண்டுகளாக அடுப்போடு இருப்பவர். அப்போதுதான் அவர் தம் கதையைச் சொன்னார். வளைகுடா நாட்டில் ஒரு விடுதிக்குச் சமையலாள் வேண்டுமென்று முகவர் ஒருவர் ஏற்பாடு செய்து, தொலைபேசியில் நேர்காணல் நடந்ததாம். மறுமுனையிலிருந்தவர் முட்டையை எப்படி ‘போச்’ செய்வாய் என்று கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. திருடுவதைப் பற்றி ஏதோ கேட்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் வேறு பயமுறுத்தியிருக்கிறார். வேட்டைத் திருட்டுக்கும் அதே சொல்தான் என்பதால் அவரையும் குறை சொல்வதற்கில்லை. பேசாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். “முட்டையிலே எனக்குத் தெரியாத வேலையா தம்பி? கேள்விதான் புரியலே” என்றார். வகுப்பில் என்னை உட்காரச் சொன்னபோது பேராசிரியர் சொன்னதையே இவர் வேறு விதமாகச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்தபின் அரைமணி நேரம் இருவரும் அமர்ந்தோம். நான் காட்சியைப் போடுவேன், அவர் பார்ப்பார். உண்மையில் யார் யாருக்குக் கற்பித்தார் என்பது எனக்கு ஐயமே. ‘சோட்டே’ என்று நான் சொன்னால், “அந்த ஆள் எண்ணெய் காயுறதுக்கு முன்னாடியே போட்டுட்டான் பார், வதங்காது, தண்ணி விட்டுக்கும்” என்பார். ‘தண்ணி விட்டுக்கொள்வதற்கு’ ஆங்கிலத்தில் என்ன என்று நான் தேடிப்போக வேண்டியிருக்கும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும் பதத்துக்கு ‘டிரான்ஸ்லூசென்ட்’ என்ற சொல்லை அவர் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். இயற்பியல் மாணவர்களுக்கே நாக்குப் புரளும் சொல் அது. இரண்டு மாதத்தில் அவருடைய நோட்டில் தொண்ணூறு சொற்கள் இருந்தன. எல்லாம் தமிழெழுத்தில், எதிரே பொருளுக்குப் பதில் எங்கள் விடுதிப் பதார்த்தங்களின் பெயர்கள். ‘ஓவர்குக்டு’ என்பதற்கு எதிரே ‘செவ்வாய்க்கிழமைக் கூட்டு’ என்று அவரே எழுதியிருந்தார்.

இரண்டாவது நேர்காணலில் அவரிடம் முட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மீனைப் பற்றிக் கேட்டார்களாம். எப்படியோ பதில் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு ஆடி மாதம் புறப்பட்டுப் போனார். அதன்பின் சில வாரங்கள் எங்கள் சாம்பார் கொதிக்க வேண்டிய அளவுக்குமேல் கொதித்தது என்பது தனிக்கதை.

இப்போது இரவு வேலை முடிந்ததும் அங்கிருந்து குரலஞ்சல் அனுப்புகிறார். அங்கே அவருடன் நேபாளத்தவரும் இலங்கையரும் பிலிப்பீன்சுக்காரரும் வேலை செய்கிறார்களாம். எல்லாருக்கும் பொதுமொழி அடுப்பு ஆங்கிலம். கடைசியாக வந்த செய்தியில் இப்படிச் சொன்னார்: “தம்பி, உன் நோட்டிலே எழுதிக்க. இங்கே ‘பாஸ்’ன்னா பரீட்சையிலே தேறுறது இல்லே. சமையற்கட்டுக்கும் பரிமாறுற எடத்துக்கும் நடுவிலே தட்டை வைக்கிற மேடை இருக்கு பாரு, அதுக்குப் பேரு ‘பாஸ்’. முத நாள் ‘பாஸ், பாஸ்’னு கத்தினாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலே, தட்டைக் கையிலே வச்சுக்கிட்டே நின்னுட்டேன்.”

அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். என்னிடமுள்ள அகராதியில் அந்தப் பொருள் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.